சாப்பிடாத பாம்பும் பதறுகிற மனிசரும்

எங்கட வீடுகளில் அன்பு எண்டால் சாப்பாடுதான். "சாப்பிட்டியா?" எண்டு கேட்காமல் எந்த அம்மாவும் ஃபோனை வைக்கிறதில்லை. அதனாலோ என்னவோ, வெளிநாடுகளில் பாம்பு வளர்க்கிறவர்களின் காணொளிகளில் "என்ர பாம்பு ஆறு கிழமையாய்ச் சாப்பிடேல்லை" எண்ட பேச்சு வரும்போது அந்தக் குரலின் பதற்றம் எங்களுக்கு உடனே விளங்குது. ஆனால் அந்தப் பதற்றத்தில் அவர்கள் செய்கிற பல காரியங்களை எங்களால் ஏற்க முடியவில்லை. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்கலாம். கேளுங்கோ.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று போல் பைத்தன். மேற்கு, மத்திய ஆபிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், பெயரும் அதால வந்ததுதான். பகலில் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் ஒளிந்து கிடக்கும். இப்படிப்பட்ட ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு, ஹோலில் ரீவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாறவன் போறவன் எல்லாரும் தூக்கிப் படம் எடுத்தால் அது எப்படிச் சாப்பிடும்?

பாம்புக்கு வெளியிலிருந்துதான் சூடு வரவேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரையும், மற்றப் பக்கம் 25 முதல் 27 வரையும் இருக்கவேண்டும். சூடு போதாவிட்டால் விழுங்கிய எலி செரிக்காது, கக்கிவிடும். ஆகவே முதலில் பார்க்கவேண்டியது பாம்பின் வாயை இல்லை, வெப்பமானியை. பிறகு, உடம்பு இறுக்கமாய் அடங்கக்கூடிய ஒளிவிடங்கள் இரண்டு, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று. பிறகு, சும்மா விடுறது. இதுதான் ஆக்களுக்குக் கஷ்டமான பகுதி.

கண் பால்நிறமாய் மங்கியிருந்தால் செட்டை கழற்றப்போகுது, அந்த நாட்களில் சாப்பிடாது. இனப்பெருக்க காலத்தில் வளர்ந்த ஆண் பாம்புகள் மாதக்கணக்கில் இரையைத் தொடாது. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, பர்மிய மலைப்பாம்பு இரை விழுங்கி இரண்டு நாட்களுக்குள் அதன் இதயத் தசை சுமார் 40 வீதம் பெருக்கிறது. பட்டினி கிடக்கும்போது குடல் சுருங்கிவிடும். எப்போதாவது ஒருக்கால் பெரிதாய்ச் சாப்பிட்டு வாழுறதுக்கெண்டே அமைந்த உடம்பு அது. மூன்று வேளைச் சோற்றுக் கணக்கை அதன் தலையில் கட்டக்கூடாது.

ஆனால் கட்டுகிறார்கள். வாயைப் பிளந்து எலியைத் திணிக்கிற காணொளிகளுக்குக் கீழே "நல்ல மனசு" எண்டு பாராட்டு வேறு! திணித்தால் வாயும் தொண்டையும் காயப்படலாம். பயந்த பாம்பு அதைக் கக்கிவிட்டு முன்னையதை விட மோசமாகும். அது மிருக வைத்தியர் கடைசி வழியாகச் செய்யிற வேலை. உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுப் போறதும் அப்படித்தான், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். உறைநிலையில் வைத்த எலியை இளகவைத்து, சூடாக்கி, இரவில் வைத்துவிட்டு விலகுங்கள். காலையில் அப்படியே கிடந்தால் எடுத்து வீசிவிட்டு ஒரு கிழமையாவது பொறுங்கள்.

பொறுக்கிறது எண்டால் கவனிக்காமல் இருக்கிறதில்லை. குசினித் தராசில் கிழமைக்கொருக்கால் நிறுத்து எழுதிவைக்கவேண்டும். நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வாயைத் திறந்து மூச்சுவிட்டால், வாயில் நுரை தெரிந்தால் ஊர்வனவற்றைத் தெரிந்த வைத்தியரிடம் போகவேண்டும். அந்த நேரத்தில் இன்னும் பொறுப்போம் எண்டு இருக்கிறது பொறுமை இல்லை, கள்ளம்.

பாம்புக்குப் பால் வார்க்கிற ஊர்க்காரர் நாங்கள், பாலும் அதன் உணவில்லை. எங்கட வெங்கிணாந்தியோ சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, பிடித்து வளர்க்க முடியாது. அதைக் குறையாக நாங்கள் நினைக்கவில்லை.

கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து போல் பைத்தன்கள் பெருந்தொகையாக ஏற்றுமதியாகின்றன. காட்டில் பிடித்த சினைப்பாம்புகளின் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குட்டிகளை அனுப்புவதும் அதில் அடக்கம். கடல் கடந்து, பெட்டி மாறி, கை மாறி வந்த குட்டி முதல் கிழமையே சாப்பிடவேண்டும் எண்டு எதிர்பார்க்கிறவர் அதை வாங்கவே கூடாது. கடைசியாக எப்ப, என்ன சாப்பிட்டது, எவ்வளவு நிறை எண்டு எழுதித் தராத கடைக்காரருக்கு விற்க அனுமதியும் இருக்கக்கூடாது.