முடிவைத் தேடுகிறோம், முடிவெடுக்க மறக்கிறோம்

புதிய கணினி விளையாட்டு ஒன்றை வாங்கியதும் நம்மில் பலர் முதலில் செய்வது என்ன? ‘சிறந்த முடிவை அடைவது எப்படி’ என்று இணையத்தில் தேடுகிறோம். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில், யாரைக் காப்பாற்ற வேண்டும், யாரை நம்பக்கூடாது என்று வரிசையாகச் சொல்லும் வழிகாட்டி கிடைத்துவிடும். அதைத் திறன்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு, அதன்படியே பொத்தான்களை அழுத்துகிறோம். அறுபது, எழுபது மணிநேரம் கழித்து நல்ல முடிவும் வந்துவிடும். ஆனால், அந்தக் கதையில் நாம் என்ன செய்தோம்?

தமிழில் ‘முடிவு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கதை முடியும் இடமும் முடிவுதான். யோசித்து எடுக்கும் தீர்மானமும் முடிவுதான். வீரர்களும் மந்திரவாதிகளும் உலவும் கற்பனை உலக விளையாட்டுகளின் சுவையே, நாம் எடுக்கும் முடிவு கதையின் முடிவை மாற்றுவதில் இருக்கிறது. வழிகாட்டியைப் பின்பற்றுபவருக்குக் கதையின் முடிவு கிடைக்கிறது. அதற்கான முடிவுகளை வேறு யாரோ எடுத்துவிடுகிறார்.

போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015ல் வெளியிட்ட ‘தி விட்சர் 3’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 50 மில்லியனுக்கும் அதிகமான பிரதிகள் விற்ற விளையாட்டு அது. (பெரியவர்களுக்கானது என்பதால் உயர்நிலைப் பள்ளித் தம்பி தங்கைகள் 18 வயது வரை காத்திருக்கலாம்.) பூதங்களை வேட்டையாடும் கெரால்ட், தாம் மகளாக வளர்த்த சீரி என்ற இளம்பெண்ணைத் தேடிச் செல்வதுதான் கதை. நாம்தான் கெரால்ட். போர், மன்னர்கள், பூதங்கள் எல்லாம் உண்டு. ஆனால், சீரி கடைசியில் உயிரோடு திரும்புவாளா என்பதைத் தீர்மானிப்பவை இடையிடையே வரும் சில சின்னத் தருணங்கள்.

ஒருமுறை அவள் துக்கத்தில் ஒடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அமர்ந்து குடித்து ஆறுதல் சொல்லலாம். அல்லது வெளியே அழைத்துப்போய்ப் பனிப்பந்து எறிந்து விளையாடலாம். இன்னொரு முறை, செல்வாக்குமிக்க மந்திரக்காரிகள் அவளைப் பேச அழைக்கிறார்கள். துணைக்குப் போகலாம், அல்லது ‘நீயே பேசிவிட்டு வா’ என்று அனுப்பலாம். மற்றோர் இடத்தில், தனக்கு உதவிய இளைஞன் ஒருவனின் கல்லறைக்குச் செல்ல வேண்டும் என்கிறாள். நேரமில்லை என்று மறுக்கலாம். அல்லது உடன் செல்லலாம்.

இவைதான் முக்கியமான தருணங்கள் என்று விளையாட்டு அப்போது சொல்வதில்லை. அவளைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தவர்களிடம் அவள் திரும்பி வருவதில்லை. அவளை நம்பி, அவள் பேச்சுக்கு மதிப்பளித்தவர்களிடமே வருகிறாள்.

வழிகாட்டியைப் பார்த்து விளையாடுபவரும் பனிப்பந்தை எறிவார். நல்ல முடிவுக்குத் தேவை என்று பட்டியலில் இருப்பதால் எறிவார். விளையாட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எறிந்தவருக்குத் தெரியும்.

‘சிறந்த முடிவு’ என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சீரி உயிர்பிழைக்கும் முடிவுகள் இரண்டு. ஒன்றில், கெரால்டைப் போலவே சுதந்திரமாகச் சுற்றித் திரியும் வேட்டைக்காரியாகிறாள். மற்றொன்றில், பேரரசியாகப் போகிறாள். எது சிறந்தது? ஒரு மாலை தேக்கா நிலையத்தில் நண்பர்களுடன் தொடங்கிய இந்த விவாதம், தேநீர் ஆறிய பிறகும் ஓயவில்லை. பேரரசியானால் எத்தனையோ பேருக்கு நல்லது செய்யலாமே என்றான் ஒருவன். பேரரசர்தான் அவளைப் பெற்ற தந்தை என்பதை நினைவுபடுத்திய தோழி ஒருத்தி சொன்னாள்: “அது அவள் அப்பாவுக்குத்தான் சிறந்த முடிவு.”

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ‘ஓ’ நிலைத் தேர்வில் தொடக்கக் கல்லூரிக்குத் தேவையான புள்ளிகள் இருந்தும், பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமைப் படிப்பைத் தேர்ந்தெடுத்தவள் அவள். அந்த ஆண்டு தீபாவளிக்குத் துணி எடுக்கச் சிராங்கூன் சாலைக்குப் போனபோது, எதிர்ப்பட்ட உறவினர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்களாம்: “நல்ல மார்க் இருந்துமா?”

நம் படிப்புக்கும் அப்படி ஒரு வழிகாட்டி புழக்கத்தில் இருக்கிறது. எந்தப் பாடங்கள், எந்த இணைப்பாட நடவடிக்கை, எந்தத் துணைப்பாட வகுப்பு, கடைசியில் எந்தப் பல்கலைக்கழகம் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். ஆனால், அது எழுதப்பட்டபோது இருந்த விதிகளே இப்போது மாறி வருகின்றன. 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. 2027ல் ‘ஓ’ நிலை, ‘என்’ நிலைத் தேர்வுகளின் இடத்தில் ஒரே சான்றிதழ் வருகிறது. 2028லிருந்து தொடக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு ஆறு பாடங்களுக்குப் பதிலாக ஐந்து பாடங்களே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அண்ணன் அக்காவுக்குப் பொருந்திய வரைபடம் தம்பி தங்கைக்கு அப்படியே பொருந்தாது.

“விளையாட்டில் தவறினால் சேமித்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கலாம். வாழ்க்கையில் முடியுமா? அதனால்தானே வழிகாட்டி வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மூத்தவர்களின் அனுபவத்தைக் கேட்பது நல்லது, கேட்கத்தான் வேண்டும். ஒவ்வொரு வழியிலும் என்ன இருக்கிறது என்று அவர்களிடம் தெரிந்துகொள்வது வேறு, வழியைத் தேர்ந்தெடுக்கும் வேலையையே அவர்களிடம் விட்டுவிடுவது வேறு.

தவற்றைக் கண்டு இவ்வளவு அஞ்சவும் தேவையில்லை. பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸ் 2023ல் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டில், முக்கியமான முயற்சிகளின் வெற்றி தோல்வியை இருபது முகப் பகடை ஒன்று தீர்மானிக்கும். பகடை சரியாக விழாவிட்டால் உடனே பின்னோக்கிச் சென்று மறுபடியும் உருட்டுபவர்கள் பலர். அப்படியே விட்டுவிட்டால் கதை நின்றுவிடுவதில்லை. வேறொரு பாதையில் தொடர்கிறது. நம் கல்வியிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கும் பாதைகள் இருக்கின்றன.

பூதங்களும் பேரரசும் இல்லாத நம்மவர் விளையாட்டு ஒன்றும் இதே கேள்வியைத் தொடுகிறது. கனடாவின் டொரோன்டோவில் உருவாகி 2023ல் வெளிவந்த ‘வெண்பா’, மறு ஆண்டு பாஃப்டா விருது பெற்றது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதி, அவர்களின் மகன் கவின் ஆகியோரின் கதை அது. விளையாடுபவர் செய்வது பெரும்பாலும் சமையல்தான். ஆனால், அதன் அடியில் ஓடுவது, வந்த ஊரில் தங்குவதா, சொந்த ஊருக்குத் திரும்புவதா என்ற கேள்வி. எது சிறந்தது என்று விளையாட்டு மதிப்பெண் போடுவதில்லை.

லிட்டில் இந்தியாவின் தெருக்களில் நடமாடிய நம் முன்னோர் பலரும் அதே கேள்வியைச் சந்தித்தவர்கள்தாம். சிலர் தங்கினார்கள், சிலர் திரும்பினார்கள். எந்தப் பட்டியலும் கையில் இல்லாமல் எடுத்த முடிவு அது. அதற்கு அவர்களே பொறுப்பேற்றுக்கொண்டார்கள். அவர்கள் எடுத்த முடிவால்தான் நாம் இங்கே இருக்கிறோம்.

அடுத்த விடுமுறையில் புதிய விளையாட்டு ஒன்றைத் தொடங்கினால், முதல் முறை மட்டுமாவது வழிகாட்டியை மூடிவையுங்கள். உங்களுக்குச் சரியென்று தோன்றுவதைச் செய்யுங்கள். மோசமான முடிவு வந்தால் வரட்டும். ஏன் அப்படி வந்தது என்று நண்பர்களிடம் பேசிப்பாருங்கள். இரண்டாம் முறை வழிகாட்டியைத் திறந்துகொள்ளலாம்.

தேர்வு முடிவுகளுக்குப் பின் கூட்டுச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது 12 தெரிவுகள் வரை குறிப்பிடலாம். முதல் தெரிவாக எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஏன் அதை எழுதினேன் என்று, யாருடைய பெயரையும் சொல்லாமல், உங்களால் விளக்க முடிய வேண்டும்.