மடிபவன் ஒருவன்; தப்புபவர் எவர்?

பழிவாங்கப் புறப்பட்ட கதைத்தலைவன் படம் முடிவதற்குள் மாண்டுபோதல் வேண்டும் என்பது குற்றக்கதைப் படங்களின் எழுதாச் சட்டம் என்பர். அஃது ஒருகாலத்தில் எழுத்திலேயே இருந்த சட்டம் என்பதைப் பலர் அறியார். அமெரிக்கப் படமுதலாளிகள் 1930ஆம் ஆண்டில் தங்களுக்கென ஒரு நெறிமுறைத் தொகுப்பை வகுத்துக்கொண்டு, 1934 முதல் அதனை இறுக்கமாக நடைமுறைப்படுத்தினர். இக்காலக் கதைகளில் பழிவாங்கலை முறையான செயலெனக் காட்டலாகாது என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று. அதற்கு முன்பே தணிக்கையாளர் கெடுபிடி தொடங்கிவிட்டது. 'தழும்புமுகம்' எனப் பொருள்படும் பெயருடைய 1932ஆம் ஆண்டுப் படத்தில், காவலர் குண்டுக்குக் கதைத்தலைவன் இரையாகும் முடிவு போதாதென்று, மன்றத்தில் ஒறுக்கப்பெற்று அவன் தூக்கிலேறும் முடிவொன்றும் தனியே எடுக்கப்பட்டது. தலைமை நடிகர் அப்போது கிட்டாமையால் தூக்கிலேறுபவன் முகமே காட்டப்படவில்லை. முகமில்லாதவனைத் தூக்கிலிட்டேனும் சட்டத்தின் மானத்தைக் காக்கவேண்டியிருந்தது போலும்!

அந்நெறிமுறை 1968இல் கைவிடப்பட்டது. அது பழக்கிவிட்ட முடிவோ நாடுகடந்து வாழ்கின்றது. 'சோலே' என்னும் 1975ஆம் ஆண்டு இந்திப் படத்தில், கைகளிழந்த முன்னாள் காவல் அலுவலர் கொள்ளைத் தலைவனை மிதித்தே கொல்வதாக எடுத்திருந்த முடிவு தணிக்கையாரால் மாற்றப்பட்டு, இறுதி நொடியில் காவலர் வந்து தடுப்பதாக ஆயிற்று. அதே ஆண்டில் வெளிவந்த 'தீவார்', 1981இல் 'தீ' என்னும் பெயரில் தமிழுக்கு வந்தது. தொழிலாளர் தலைவரான தந்தையை, குடும்பத்தைக் கொன்றுவிடுவதாக அச்சுறுத்திப் பணியவைக்கின்றான் முதலாளி. அவ்விழிவைக் கையில் பச்சைக்குத்தாகச் சுமந்து வளர்ந்த மகன் கள்ளக்கடத்தற்காரனாகி, காவல் அலுவலனான உடன்பிறந்தான் சுட, தாய்மடியில் சாகின்றான். அரங்கு அழுகின்றது. தொடக்கத்தில் அச்சுறுத்திய முதலாளியை யார் நினைக்கின்றார்?

கொலைசெய்தவன் தன் வினைக்கு விடைசொல்லியே ஆகவேண்டும். அதில் இருவேறு கருத்திற்கு இடமில்லை. ஆயினும் அவன் சாவோடு முழுவழக்கும் முடிந்ததாகக் காட்டுவதுதான் ஏமாற்று. அவன் பிணம் விழுந்தவுடன், அவனைக் கொலைஞனாக்கிய கொடுமையின் ஏடும் மூடப்பட்டுவிடுகின்றது. காண்போர் அவன் அடித்தபோது கைதட்டியதற்கும் சேர்த்துக் கண்ணீரால் கழுவாய் தேடிக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.

தமிழில் பழிக்கதை புதிதா? சிலப்பதிகாரத்தினும் பெரிய பழிக்கதை ஏது? ஆனால் கண்ணகி முதலில் சென்றது அரசவைக்கு. ஒற்றைச் சிலம்பைச் சான்றாக்கி வழக்குரைத்தாள், வென்றாள். அங்கு முதலில் மடிந்தவன் முறைதவறிய மன்னனே. அதுவும் தன் வாயாலேயே தன் குற்றத்தை ஒப்பி மடிந்தான். மதுரை எரிந்தபின்னும் கண்ணகிக்கு இளங்கோவடிகள் ஒறுப்பாகச் சாவை வைக்கவில்லை. பதினான்காம் நாள் வேங்கை நிழலில் அவள் விண்ணேறினாள். அதற்காகப் பழியின் கேட்டை அடிகள் மறைத்தாருமல்லர். ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்திற்குப் பொற்கொல்லர் ஆயிரவர் பின்னர்ப் பலியிடப்பட்ட செய்தியும் அந்நூலிலேயே உளது. குற்றமறியா அவ்வாயிரவரை எண்ணுவார்க்குப் பழியுணர்ச்சி இனிக்காது.

இவ்விரண்டையும் ஓரளவு உணர்ந்து செய்த படமென 1987இல் மணிரத்தினம் இயக்கிய 'நாயகன்' படத்தைச் சொல்லலாம். (தலைவன் என்னும் நற்றமிழ்ச் சொல்லிருக்க, பம்பாய்த் தமிழர் கதைக்கு வடசொற்பெயர் எதற்கோ!) தொழிற்சங்கத் தலைவரான தந்தையைப் பிடிக்கச் சிறுவன் வேலுவையே தூண்டிலாக்குகின்றனர் காவலர். தந்தை சுடப்பட, அவன் காவல் அலுவலரைக் குத்திவிட்டுப் பம்பாய்க்கு ஓடுகின்றான். தாராவியில் அவனை வளர்த்த உசேன், கேல்கர் என்னும் காவல் அலுவலரால் காவலிலேயே மாள்கின்றார். வேலு கேல்கரைக் கொல்கின்றான். கொன்றபின்னரே அவர் மனைவியையும் உளநலம் குன்றிய மகனையும் காண்கின்றான். அக்குடும்பத்தைக் காலமெல்லாம் தாங்குகின்றான். முதுமையில், சான்றின்மையால் மன்றம் அவனை விடுவிக்கின்றது. வாயிலில் அவனைச் சுட்டு வீழ்த்துபவன் அந்த மகனே.

இம்முடிவு மற்றவற்றினும் மேலானது. இங்கே கொல்வது சட்டமன்று. அவனால் தந்தையிழந்தவன் கை. வேலுவுக்கு ஒரு தந்தை இருந்ததுபோலவே கேல்கரின் மகனுக்கும் இருந்தார் என்பதைப் படம் மறக்கவில்லை. எனினும் முதற்குண்டைச் சுட்டவர்களுக்கு ஆணையிட்டவர், உசேன் காவலில் மாண்டதை மூடிமறைத்தவர் ஆகியோர்மேல் எந்த மன்றத்திலும் வழக்கில்லை. காவலில் ஒருவர் மாள்வது வெறும் புனைவுமன்று. 2020 சூன் திங்களில் சாத்தான்குளத்தில் காவலர் பிடித்துச்சென்ற வணிகரும் அவர் மகனும் மாண்டதை நாடே அறியும். அத்தகைய சாவுகளைக் கேள்விப்படும் இளைஞனுக்குத் திரைப்படம் கற்பித்திருப்பது இரண்டே வழி: வாய்மூடிக் கிட, அல்லது வெட்டிவிட்டுச் சா.

மூன்றாவது வழியை 2021இல் 'செய் பீம்' காட்டிற்று. 1993ஆம் ஆண்டு நிகழ்ந்த காவற்சாவு வழக்கொன்றைத் தழுவியது அப்படம். கதையில் இருளர் குடிப்பெண் செங்கேணி, காணாமற்போன கணவனைக் கேட்டு உயர்முறைமன்றத்தின் படியேறுகின்றாள். பணம் தருகின்றோம், வழக்கை விடு என்கின்றனர், மறுக்கின்றாள். நிறைசூலியான அவள் கையில் அரிவாளில்லை. குற்றக்கூண்டில் ஏறியவர்கள் அவள் கணவனை அடித்துக்கொன்ற காவலர்கள். தலைப்பு அயன்மொழியாயினும் கதைப்போக்கு பாண்டியன் அவையை நினைவூட்டுகின்றது. அப்படம் முடிவதற்குப் பழிவாங்குவோன் ஒருவன் சாகவேண்டிய தேவையே எழவில்லை.