எண் மாறாமல் இடம் மாறுவோம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தொலைபேசி என்றால் பெரிய பண்ணை வீட்டுக் கூடத்தில் துணி போர்த்தி வைத்திருக்கும் பொருள் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று நாற்றுப் பறிக்கும் பெண்ணின் முந்தானை முடிச்சிலும் கைப்பேசி இருக்கிறது. அரிசி, உப்பு, புளி என்று எழுதும் மளிகைச் சிட்டையில் 'ரீசார்ஜ்' என்ற வரியும் சேர்ந்துவிட்டது. ஆனால், கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்கும் நாம், இந்த ஒரு வரிக்கு மட்டும் பேரம் பேசுவதே இல்லை. கடைக்காரர் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஏன் இந்த நிலை? இதைச் சற்றே சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2024 ஜூலை 3-ஆம் நாள் ஜியோவும் ஏர்டெல்லும் கட்டணத்தை உயர்த்தின. மறுநாள் வோடபோன் ஐடியாவும் உயர்த்தியது. ஜியோவில் 239 ரூபாயாக இருந்த 28 நாள் திட்டம் 299 ரூபாயாயிற்று. ஏர்டெல்லில் 179 ரூபாயாக இருந்தது 199 ஆயிற்று. அறுபது ரூபாய்தானே என்று எண்ணுவோர் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 நாள் என்பது மாதமன்று. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை பணம் கட்ட வேண்டும். 299 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 3,887 ரூபாய். முன்பு 3,107 ரூபாய். ஆளுக்கு 780 ரூபாய் கூடுதல். நான்கு பேர் உள்ள வீட்டில் கூடுதல் மட்டும் 3,120 ரூபாய்!

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. மாணவியருக்குப் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-லேயே வந்துவிட்டது. புத்தகத்துக்கும் பேருந்துக்கும் என்று வரும் அந்த ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கைப்பேசிக்கே போய்விடுகிறது என்றால், இது சிறிய செய்தி ஆகுமா?

மக்கள் வாளாவிருக்கவில்லை. அந்த ஜூலை மாதத்தில் மட்டும் அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லில் சுமார் 29 லட்சம் இணைப்புகள் கூடின. ஏர்டெல் சுமார் 17 லட்சமும், வோடபோன் ஐடியா சுமார் 14 லட்சமும், ஜியோ ஏழரை லட்சமும் இழந்தன. கட்டணத்தை உயர்த்தாத ஒரே நிறுவனத்தை நோக்கி மக்கள் நடந்தார்கள்.

இப்படி நடக்க வழிசெய்தது ஒரு சட்ட விதி. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதற்கும் வந்தது. 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அதைப் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுத்தால் போதும். ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாட்களில் மாற்றித்தர வேண்டும் என்பது 2019 டிசம்பர் முதல் விதி.

இவ்வுரிமையின் அருமை தமிழ்நாட்டாருக்கு 2018-இல் நன்றாகவே தெரிந்தது. நம் மாநிலத்தில் வேரூன்றி வளர்ந்த ஏர்செல் நிறுவனம் அந்தப் பிப்ரவரியில் நிலைகுலைந்தபோது, லட்சக்கணக்கானோரின் கைப்பேசிகள் ஊமையாயின. வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு எல்லாம் அந்த ஒரே எண்ணோடு பிணைந்திருந்தன. எண்ணைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போகும் உரிமை மட்டும் இல்லாதிருந்தால், அத்தனை பேரும் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்க நேர்ந்திருக்கும்.

இனி, மலிவு என்பது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வெளிநாடுகளில் சொந்தமாக ஒரு கோபுரமும் இல்லாத நிறுவனங்கள் கைப்பேசிச் சேவை விற்கின்றன. பிரிட்டனில் டெஸ்கோ என்னும் பல்பொருள் அங்காடி நிறுவனம் 2003 முதல் இவ்வாறு விற்கிறது. பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாகக் கொடுப்பது இதன் முறை. நம் ஊர் வழக்கில் சொன்னால் குத்தகைச் சாகுபடி. நம் நாட்டிலும் 2016-இல் இதற்கு அனுமதி விதிகள் வந்தன. எனினும் கைப்பேசித் துறையில் அது வேர்பிடிக்கவில்லை. அமெரிக்காவில் இத்தகைய மலிவுச் சேவைகள் பலவற்றில், நெரிசல் நேரத்தில் இணைய வேகம் முதலில் குறைக்கப்படுவது இவர்களுக்குத்தான். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை அன்றோ!

ஆக, மலிவுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை நமக்குக் கட்டுபடியாகுமா என்று பார்த்து மாறுவதே அறிவுடைமை. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

முதலாண்டு படிக்கும்போது, மார்கழி மாதத்தில், என் எண்ணையும் தந்தையார் எண்ணையும் ஒருசேர மலிவான வேறொரு நிறுவனத்துக்கு மாற்றினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. வீட்டில் நன்றாகக் கேட்டது. கல்லூரியிலும் கேட்டது. தையில் சம்பா அறுவடை வந்தது. குத்தகைக்கு எடுத்த ஆறு மா நிலம். அறுப்பு மெஷின்காரர் பக்கத்து ஊரில் வேலை முடித்துவிட்டு அப்பாவை அழைத்திருக்கிறார். களத்துமேட்டில் நின்ற அப்பாவுக்கு அழைப்பே வரவில்லை. நான்கைந்து முறை முயன்றுவிட்டு மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. மூன்று நாள் காத்திருந்தோம். இரண்டாம் நாள் இரவு மழை. ஒரு மா அளவுக்குக் கதிர் சாய்ந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. "தம்பி, வீட்டுத் திண்ணையில கேக்குது, களத்துல கேக்கலப்பா" என்றார், அவ்வளவுதான். பிறகு விசாரித்தால், ஒருமுறை மாறினால் 90 நாள் ஆகாமல் மறுபடி மாற முடியாதாம். அந்த விதியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மிச்சமான சில நூறு ரூபாய் எங்கே, சாய்ந்த நெல் எங்கே! தவறு முழுவதும் என்னுடையதே. காசை எண்ணிப் பார்த்த நான், களத்துமேட்டில் போய் நின்று பார்க்கவில்லை.

இதனால் மாறக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தெரிந்து மாற வேண்டும் என்றே சொல்கிறேன். வீட்டில் மட்டுமல்ல, வயலிலும் பேருந்திலும் வகுப்பிலும் கேட்கிறதா என்று அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவரை அழைத்துச்சென்று பாருங்கள். அறுவடைக் காலத்திலும், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் வாரத்திலும், தேர்வுக் கட்டணம் கட்டும் நாட்களிலும் எண்ணைத் தொடாதீர்கள். மாற்றும் வேளையில் சில மணி நேரம் இணைப்பு இராது, ஓ.டி.பி.யும் வராது. வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே திட்டம் என்பதும் வேண்டாம். பொத்தான் கைப்பேசியில் பேச மட்டும் செய்யும் பெரியவர்களுக்கு இணையம் எதற்கு? பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் ஆணையிட்டது. 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022-லேயே சொல்லிவிட்டது. கடையில் அவற்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கேட்டால்தான் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது அப்பாவுக்குக் களத்தில் கேட்கும் நிறுவனத்தில் பேச்சுத் திட்டம். எனக்கு மலிவான நிறுவனமே போதுமாயிருக்கிறது. இரண்டு சிம்மும் சேர்ந்து முன்னைவிடக் குறைவாகவே ஆகிறது.

இன்னொன்றும் சொல்லாமல் முடிக்க இயலாது. 2024 ஜூலையில் பி.எஸ்.என்.எல்.லை நோக்கி நடந்த மக்கள் கூட்டம் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தது. அக்டோபரில் கூடியது சுமார் ஐந்து லட்சம். நவம்பரில் அந்நிறுவனமே மூன்று லட்சத்துக்கு மேல் இழந்தது. காரணம் காண்பது கடினமன்று. ஜியோ 2016-இல் நான்காம் தலைமுறைச் சேவையோடு வந்தது. அரசு நிறுவனத்தின் நாடு தழுவிய நான்காம் தலைமுறைச் சேவை முறைப்படி தொடங்கப்பட்டதோ 2025 செப்டம்பரில். ஒன்பது ஆண்டுகள்! விலைக்காக வந்தவர்களைத் தரம் தக்கவைக்கவில்லை.

இதில் அனைவருக்கும் கவலை இருக்க வேண்டும். ஒரு காலத்தில் நம் கடைத்தெருக்களில் ஏர்செல், யூனினார், டாட்டா டோகோமோ, ரிலையன்ஸ் என்று எத்தனையோ பலகைகள் தொங்கின. இன்று எஞ்சியிருப்பவை நான்கே நிறுவனங்கள். அவற்றுள் மூன்று ஒரே வாரத்தில் விலை ஏற்றுகின்றன. போக இடம் இருக்கும்வரைதான் போகும் உரிமைக்கு மதிப்பு. சந்தையில் ஒரே வியாபாரி என்றாகிவிட்டால், நெல் விற்பவன் பாடு என்ன என்பதை நம் தந்தையர் அறிவர். அரசுக் கொள்முதல் நிலையம் இருப்பதால்தான் தனியாரும் ஓரளவு விலை கொடுக்கிறார். கைப்பேசியிலும் அதுவே நியாயம். அரசு நிறுவனம் மலிவாக இருந்தால் மட்டும் போதாது. களத்துமேட்டிலும் கேட்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். வீட்டுக்கு வரும் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்பவர்கள் நாமே. ரீசார்ஜ் எது என்று அப்பாவும் அம்மாவும் கேட்பதும் நம்மைத்தான். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக, விளம்பரத்தைக் கண்டும் மாறாமல், சோம்பலால் மாறாமலும் இராமல், கணக்குப் பார்த்து, களத்தில் நின்று பார்த்து முடிவு செய்வோம். படித்த படிப்பு முதலில் வீட்டுக்குப் பயன்படட்டும்!