கோல்கொண்டாவின் கதவு

கோல்கொண்டா கோட்டையின் உச்சியிலுள்ள பாலா ஹிசாரில் நின்று மேற்கே பார்த்தால், ஹைதராபாத்தின் ஐ.டி. பகுதியான கச்சிபௌலியின் கண்ணாடிக் கட்டடங்கள் மாலை வெயிலில் தகதகக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவர்களில் பலர் வாரத்தில் சில நாள் மட்டுமே அலுவலக வாசலைக் கடக்கிறார்கள். மற்ற நாள்களில் வீட்டு முன்னறையிலோ சொந்த ஊர்த் திண்ணையிலோ மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கிறார்கள். காலடியில் கிடப்பதோ, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வெளிமதிலும் 87 கொத்தளங்களும் எட்டு வாசல்களுமாக ஒரு பழைய உலகம். வாசலில் கைதட்டினால் மலையுச்சியில் கேட்கும்படி கட்டியிருக்கிறார்கள். வெளியாள் வருவதை மேலே இருப்பவர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ளும் ஏற்பாடு என்று வழிகாட்டிகள் இன்றும் தட்டிக் காட்டுகிறார்கள்.

1687இல் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் படை எட்டு மாதம் அந்த மதிலோடு மல்லுக்கு நின்றது. பீரங்கி பலிக்கவில்லை, மதிலுக்கடியில் வைத்த வெடிகள் வைத்தவர்களையே கொன்றன, மழையும் பஞ்சமும் முற்றுகையிட்டவர்களை வாட்டின. கடைசியில் செப்டம்பர் மாதத்து இரவொன்றில், உள்ளே இருந்த அப்துல்லா கான் என்ற தளபதி விலைபோக, ஒரு வாசல் திறந்துகொண்டது. அதே கோட்டைக்குள் அப்துர் ரசாக் லாரி என்ற இன்னொரு தளபதி, உடம்பெல்லாம் காயம்பட்டுச் சாயும்வரை தன் சுல்தானுக்காகப் போரிட்டார் என்பதை நினைக்கும்போதுதான் மனம் கனக்கிறது. துரோகியும் விசுவாசியும் ஒரே மதிலுக்குள் ஒரே சோற்றைத்தான் உண்டார்கள். வெளியே நிற்பவன் பகை, உள்ளே நிற்பவன் உறவு என்பதற்கு மேல் எந்த மதிலுக்கும் எதுவும் தெரியாது.

கணினி வலைகளைக் கட்டியவர்களும் இதை மறுபடி முதலிலிருந்தே கற்க வேண்டியிருந்தது. 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் அவிழ்த்துவிட்ட நிரல், அன்றைய சின்னஞ்சிறு இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. தனக்குப் பழக்கமான கணினியிலிருந்து வருபவரைக் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும் வழக்கம், அது நுழைந்த வழிகளுள் ஒன்று. பின்னர் ஃபயர்வால் என்ற மதில் எங்கும் எழும்பியது. வெளியூரில் இருப்பவர்களுக்காக வி.பி.என். என்ற சுரங்கவழியும் வந்தது. சுரங்கத்தைக் கடந்தவர் பெரும்பாலான இடங்களில் அரண்மனை முழுக்க நடமாடலாம். 2004இல் பெருநிறுவனங்களின் பாதுகாப்பு அலுவலர்கள் சிலர் கூடி, மதில் இனி உதவாது என்று சொல்ல ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். மதில் இடிந்து விழுந்ததாக விவிலியம் சொல்லும் எரிகோ நகரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். 2010இல் ஃபாரஸ்டர் நிறுவன ஆய்வாளர் ஜான் கிண்டர்வாக் அந்த எண்ணத்தை ‘ஜீரோ டிரஸ்ட்’ என்ற பெயரில் பரப்பினார். ஊடுருவலால் அடிபட்ட கூகுள், தன் ஊழியர்கள் வி.பி.என். இல்லாமலே எங்கிருந்தும் வேலை செய்யும்படி வலையமைப்பை மாற்றிக் கட்டியது. மற்றவர்களில் பலர் பேசாமல் இருந்தார்கள். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது, மதிலுக்குள் காக்க வேண்டியவர்களே மதிலுக்கு வெளியே இருந்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு மே மாதம் நடந்ததை நாம் எளிதில் மறந்துவிடக் கூடாது. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்கு ஏறத்தாழ பாதி எரிபொருளைக் கொண்டுசெல்லும் கலோனியல் பைப்லைன், கணினித் திருடர்களின் தாக்குதலால் பல நாள் நின்றது. பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் வரிசை கட்டின. நிறுவனம் 75 பிட்காயினை, அன்றைய மதிப்பில் 44 லட்சம் டாலரை, கப்பமாகக் கட்டியது. திருடர்கள் வந்த வழி, புழக்கத்தில் இல்லாத பழைய வி.பி.என். கணக்கு ஒன்று. அதற்குக் கடவுச்சொல் மட்டுமே பூட்டு. இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. உள்ளே ஒருவன் விலைபோகக்கூடத் தேவையில்லை, மறந்துபோன திட்டிவாசல் ஒன்று போதும் என்ற அளவுக்குக் காலம் மாறியிருக்கிறது. மற்றபடி கதை பழையதுதான்.

‘ஜீரோ டிரஸ்ட்’, அதாவது நம்பிக்கை சுழியம் என்ற பெயர் காதுக்குக் கசக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆராயாமல் நம்புவதும் நம்பியபின் ஐயுறுவதும் தீராத துன்பம் என்று ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தை முடித்த வள்ளுவரின் வழியில் வந்தவர்களுக்கு, இந்தப் பெயர் இரண்டாவது குற்றத்தையே கொள்கையாக்கியது போலத் தோன்றும். ஆனால் இந்த முறை விலக்குவது ஆளின் மீதுள்ள நம்பிக்கையை அல்ல, இடத்தின் மீதுள்ள நம்பிக்கையை. அலுவலகக் கட்டடத்துக்குள் இருப்பதால் மட்டும் ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை. திண்ணையில் இருப்பதால் அந்நியராகிவிடுவதும் இல்லை. யார் கேட்கிறார், எந்தக் கருவியிலிருந்து கேட்கிறார், எதைக் கேட்கிறார் என்று ஒவ்வொரு கதவிலும் பார்த்து, வேலைக்கு வேண்டிய அறையை மட்டும் திறப்பதே இதன் சாரம். வள்ளுவர் முதலில் கேட்டதும் தெரிதலைத்தான். இதைச் சாக்காக வைத்து ஊழியரின் விசைத்தட்டலை எண்ணுவதும் கேமராவை நாளெல்லாம் திறந்து வைக்கச் சொல்வதும் பாதுகாப்பு ஆகாது. அப்துர் ரசாக் லாரி போன்ற விசுவாசிகளை அவமதிப்பதால் ஒரு கோட்டையும் பிழைத்ததில்லை.

கோட்டைகளின் வாரிசுகளான நாம் மதில் கட்டுவதில் தேர்ந்தவர்கள். வாசல்களை எண்ணிப் பார்ப்பதில் என்றுமே சோம்பல்பட்டவர்கள். உங்கள் அலுவலகத்தில் போன மாதம் விடைபெற்றுப் போனவரின் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று நாளைக் காலையில் கேளுங்கள். திறந்திருந்தால் அன்றே மூடச் சொல்லுங்கள்.