நூலகத்தை மேல் மாடிக்கு ஏற்றப் போகிறார்களாம்

கொஞ்சம் நீளமான பதிவு. வாசிக்க நேரமில்லாதவர்கள் கடைசிப் பந்தியையாவது பாருங்கள், அதில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.

நமது பொது நூலகத்தின் கீழ்த்தளத்தைக் கடைகளாகப் பிரித்து வாடகைக்குக் கொடுத்துவிட்டு, நூலகத்தை மேல் மாடிக்கு ஏற்றும் யோசனை பிரதேச சபையில் பேசப்படுகிறது. இது இப்போது இரகசியம் ஒன்றுமில்லை, தேத்தண்ணிக் கடையில் எந்தக் கடை யாருக்கு என்பது வரைக்கும் கதை போய்விட்டது. மேலே இடம் போதாது என்பதால் சிறுவர் பகுதியைப் “பிறகு பார்ப்பம்” என்றார்களாம். நமது ஊரில் பிறகு பார்ப்பம் என்று விட்டவற்றில் எது நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். மீன் சந்தை வடிகான் உங்களுக்கு ஞாபகம் வரும்.

இதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான். “இந்தக் காலத்துல ஆரு சேர் லைப்ரரிக்கு வாற?”

நாங்கள் இந்த ஊர்ப் பாடசாலைகளில் படிப்பிக்கிற சில ஆசிரியர்கள். யார் வருகிறார்கள் என்று நாங்கள் சொல்கிறோம். கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் நூலகரிடம் அனுமதி கேட்டு, எட்டு நாட்கள் அந்தச் சிறுவர் பகுதிக்குள் பிள்ளைகளோடு இருந்தோம். பெரிய திட்டம் எதுவும் இருக்கவில்லை, காசும் இருக்கவில்லை. பெனர் அடிக்கவில்லை, பிரதம அதிதி இல்லை, பொன்னாடை இல்லை. அதனால்தான் இந்த விடயம் பலருடைய கண்ணில் படவில்லை போலும். முதல் நாள் பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள், அதில் ஐந்து பேர் எங்கள் சொந்தப் பிள்ளைகள். நான்காம் நாள் கதிரை போதாமல் பக்கத்துப் பள்ளிவாசலில் பாய் வாங்கி விரித்தோம்.

முதல் இரண்டு நாளும் முதுகு கிழிந்த புத்தகங்களைக் கட்டினோம். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பழைய கலண்டர் தாளை வெட்டி ஒட்டினோம். பசை காயும் வரைக்கும் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. சும்மா இருக்க ஏலாமல் கையில் கிடந்ததை வாசிக்கத் தொடங்கினார்கள். வாசியுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு மேல் படிப்பிக்கிறோம், இப்படியொரு வாசிப்புப் பாடம் எங்கள் வகுப்பறைகளில் நடந்ததில்லை.

சில புத்தகங்களின் ஓரம் பழுப்பாகச் சுருண்டிருந்தது. ஏன் இப்படி என்று ஒரு பிள்ளை கேட்டது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது நனைந்து, வெயிலில் காயவைத்து எடுத்த புத்தகங்கள் இவை என்று நூலக உதவியாளர் சொன்னார். அங்கே இருந்த பிள்ளைகளில் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. அன்று மிச்ச நேரம் முழுவதும் அவர்தான் கதைத்தார். எந்தத் தூண் வரைக்கும் தண்ணீர் நின்றது, எந்த அலுமாரி விழுந்தது, ஊரே மையித்துகளைத் தேடிக்கொண்டிருந்த நாட்களுக்குப் பிறகு யார் யார் வந்து தாளைத் தாளாகப் பிரித்துக் காயவைத்தார்கள் என்றெல்லாம் சொன்னார். எங்கள் நிகழ்ச்சி நிரலில் அது இருக்கவில்லை. அதற்குப் பிறகு நிகழ்ச்சி நிரலை நாங்கள் பெரிதாகப் பார்க்கவும் இல்லை.

ஐந்தாம் நாள், முன்பு வட்டவிதானையாக இருந்த ஒருவரைக் கூட்டிவந்தோம். தூரத்திலிருந்து அல்ல, காலையில் வாசிப்பு மண்டபத்தில் பத்திரிகையோடு உட்கார்ந்திருக்கிற மனிசர்தான். இத்தனை வருடமாக நூலகத்துக்கு வருகிறவர், சிறுவர் பகுதிக்குள் கால் வைத்தது அன்றுதான். வயல் கண்டங்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் பெரிய தாளில் வரைந்தார்கள். எந்த வாய்க்கால் எங்கே பிரிகிறது, எந்தக் கண்டத்துக்குக் கடைசியாகத் தண்ணீர் வரும், யானை எந்தப் பக்கத்தால் இறங்கும் என்றெல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது. கூகுள் மப்பில் அந்தப் பெயர்களில் பாதி இல்லை. தன் வாப்பாவின் வயல் இருக்கிற கண்டத்தின் பெயரை அன்றுதான் கேள்விப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

அடுத்த நாள் மூன்று மூத்தம்மாமார் வந்து நாட்டார் கவி சொன்னார்கள். வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னதை, சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். சில கவிகளைச் சின்னப் பிள்ளைகள் முன்னால் சொல்ல மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். நமது கவிகளைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

எட்டாம் நாள் கூட்டிப் பெருக்கிவிட்டுக் கிளம்பும்போது ஒரு சின்னப் பிள்ளை கேட்டது: “டீச்சர், நாளைக்கும் தொறப்பாங்களா?” திறப்பார்கள்தான். ஆனால் அது கேட்டது கதவைப் பற்றியல்ல என்று எங்களுக்குத் தெரியும்.

யாரும் வருவதில்லை என்கிறவர்களிடம் ஒரு கேள்வி. எப்போது வருவது? பாடசாலை விடும்போது ஒன்றரை மணி. சோறு தின்று, லுஹர் தொழுது, சட்டை மாற்றினால் டியூசன். அஸருக்குப் பிறகு குர்ஆன் மத்ரசா. அது விடும்போது நூலகம் பூட்டியாயிற்று. சனி, ஞாயிறு காலையில் இருந்து டியூசன். போயா நாளிலும் அரச விடுமுறையிலும் நூலகமும் விடுமுறை. பிள்ளை ஓய்வாக இருக்கிற நேரமெல்லாம் பூட்டி, பிள்ளை வரமுடியாத நேரமெல்லாம் திறந்து வைத்துவிட்டு, வரவுப் புத்தகத்தைக் காட்டி ஆளில்லை என்பது என்ன நியாயம்? கடற்கரையில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றுகொண்டு நமது ஊரார் காற்று வாங்க வருவதில்லை என்று அறிக்கை எழுதுவது போல இருக்கிறது.

வருகிற பிள்ளையையும் நாம் லேசில் உள்ளே எடுப்பதில்லை. அங்கத்துவ விண்ணப்பத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். சோலைவரி கட்டுகிற ஒருவர் அல்லது அரச ஊழியர் ஒருவர் பிணை வைக்க வேண்டும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வாப்பா கட்டாரில், உம்மா தையல் மெசினில் என்றிருக்கிற பிள்ளை அரச ஊழியரை எங்கே தேடும்? நாங்கள் அரச ஊழியர்கள்தானே, அந்த எட்டு நாளிலும் கேட்ட எல்லாப் பிள்ளைக்கும் பிணை வைத்தோம். இன்றுவரை ஒரு புத்தகம் தொலையவில்லை. ஒன்று மட்டும் பால்தேத்தண்ணி ஊற்றுப்பட்டு வந்தது. அதையும் அந்தப் பிள்ளையே தாள் தாளாகக் காயவைத்துக் கொண்டுவந்து தந்தது. எங்கே பழகியது என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, வருமானம். சபைக்குக் காசு இல்லை என்பது உண்மை, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் நூலகத்தை வருமானக் கணக்கில் எழுதுவது எப்போதிருந்து? மையவாடி என்ன வருமானம் தருகிறது? தெருவிளக்கு என்ன வாடகை கட்டுகிறது? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டம் மக்களின் வசதிக்கும் நலனுக்கும் சபையைப் பொறுப்பாக்கித்தான் தொடங்குகிறது. கடைத்தொகுதி கட்டத்தான் வேண்டுமென்றால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடக்கிற சபைக் காணி இருக்கிறது. அங்கே ஏன் வேண்டாம் என்றால், பிரதான வீதியில்தான் கடைக்கு விலை. ஆம், பிரதான வீதியில் கீழ்த்தளத்தில் இருப்பதால்தான் அந்த நூலகத்துக்கும் விலை. காலையில் பத்திரிகை பார்க்க வருகிற வயதானவர்களில் எத்தனை பேருக்கு மாடிப்படி ஏற ஏலும்? முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்த அந்த மூத்தம்மாமாருக்கு?

2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதன் பிறகு உறுப்பினரும் இல்லை, கேட்க ஆளும் இல்லை என்று இரண்டு வருடம் குறைப்பட்டோம். 2025 மே 6 வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பினோம். அவர்களில் எங்களிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள், எங்களோடு படித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மீது தனிப்பட்ட கோபம் எதுவுமில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியபோது நூலகத்தை மேலே ஏற்றுவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சபையை மட்டும் ஏசிவிட்டுப் போனால் அது பொய்ப் பதிவாகிவிடும். பாடசாலை நூலகத்து அலுமாரியைப் பூட்டித் திறப்பை எங்கே வைத்தோம் என்று மறந்தவர்கள் நாங்கள்தான். புத்தகம் தொலைந்தால் விசாரணை வரும், வாசிக்காமல் இருந்தால் ஒரு விசாரணையும் வராது, அதனால் பூட்டினோம். ஆகஸ்ட் விடுமுறையிலும் விடாமல் டியூசன் நடத்தியவர்கள் எங்கள் இனத்தார். அங்கே பிள்ளையை ஏற்றி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் நீங்கள். நூலகத்துக்கு அன்பளிப்பு என்று நாம் கொண்டுபோய்க் கொடுத்தவை என்ன? பத்து வருடப் பழைய வினாத்தாள், பாடத்திட்டம் மாறிய பாடநூல், யாருடையதோ கட்சி மலர். வீடு துப்புரவாக்கிய குப்பையை ஸதக்கா என்று பெயர் வைத்து இறக்கினோம். ஒக்டோபர் வருகிறது, தேசிய வாசிப்பு மாதம். முதல் வஹியே வாசிப்பைப் பற்றித்தான் என்று மேடையில் பேச ஆள் குறையாது. பேசிவிட்டுக் கீழே இறங்குகிறவரிடம் நூலக அட்டை இருக்கிறதா என்று இந்த முறை கேட்கத்தான் போகிறோம். கோபிக்க வேண்டாம்.

யாழ் நூலகத்தை 1981 இல் எரித்தது நம் எல்லோருக்கும் தெரியும், 97,000 வரையான புத்தகங்கள். அந்த நூலகம் தொடங்கிய கதையை நாம் அவ்வளவாகக் கதைப்பதில்லை. 1933 இல் கே. எம். செல்லப்பா என்ற தனி மனிதர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கு வாசிக்கக் கொடுத்ததில்தான் அது தொடங்கியது. அடுத்த வருடம் ஒரு வாடகை அறை. பிறகுதான் நகரசபை பொறுப்பெடுத்தது, பிறகுதான் பெரிய கட்டடம் எல்லாம். நமக்குக் கட்டடம் இருக்கிறது, நூலகர் இருக்கிறார், பேன் சுற்றுகிறது. வாடகை அறைக்கும் கீழே நாம்தான் இறங்கப் பார்க்கிறோம்.

போன் இருக்கிறதே, அதில் எல்லாம் வாசிக்கலாமே என்கிறீர்கள். வாசிக்கலாம்தான். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள், பழைய பத்திரிகைகள், சஞ்சிகைகள் எல்லாம் இலவசமாகக் கிடக்கின்றன. நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படியொன்று இருப்பது தெரியும்? அதைத் திறந்து காட்டவும் ஒரு மேசையும் ஒரு மனிசரும் வேண்டும். அந்த மேசை நூலகத்தில்தான் இருக்க முடியும். ரீல்ஸ் பார்க்க யாரும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை.

நாங்கள் கேட்பது பெரிய விடயங்களல்ல. கீழ்த்தளம் அப்படியே இருக்கட்டும். கிழமையில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணி வரை திறக்கட்டும். அதற்குப் பகலில் இரண்டு நாள் பிந்தித் திறந்தாலும் பரவாயில்லை. சிறுவர் அங்கத்துவத்துக்குப் பாடசாலை அதிபரின் கடிதம் போதும் என்று சபை ஒரு தீர்மானம் எடுக்கட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்கும், பிறகு பல்கலைக்கழக அனுமதிக்கும் என்று மாதக்கணக்கில் வீட்டுக்குள் காத்திருக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ஆண் பிள்ளைக்கு மைதானம் இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, சந்தி இருக்கிறது. இவர்களுக்கு உறவினர் வீட்டுக் கல்யாணத்தை விட்டால் போக ஓர் இடமில்லை. ஆகஸ்டில் கவி எழுதவந்த பிள்ளைகளில் ஒருவர், இவ்வளவு காலத்தில் தனக்கென்று ஒரு கதிரையில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தது இங்கேதான் என்றார். மாலையில் பெண் பிள்ளைகள் வருவது சரியில்லை என்று யாராவது எழுதத் தயாராக இருந்தால், அவர்களுக்கென்று தனி நாள், தனி நேரம் ஒதுக்கக் கேளுங்கள். டியூசன் வகுப்பு விட்டு அதே பிள்ளை இரவு ஏழரைக்கு ஓட்டோவில் வருவதை ஒருவரும் பிரச்சினையாக எடுக்கவில்லையே.

இன்னொன்று நோன்பு மாதம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை அப்போதுதான். ஸஹர் செய்துவிட்டு மத்தியானம் வரை தூங்கி, அஸர் வரை போனில் கிடந்து, தராவீஹுக்குப் பிறகு சந்தியில் நிற்கிற பிள்ளைகளை ஏசுவதில் நாம் கெட்டிக்காரர்கள். அந்த மாதம் லுஹர் முதல் அஸர் வரை சிறுவர் பகுதியில் நாங்கள் முறைவைத்து இருக்கிறோம், சம்பளம் வேண்டாம். பெயர் தந்த ஆசிரியர்கள் இப்போதே ஒன்பது பேர். இருக்க அந்த அறை இருக்க வேண்டும்.

சபையின் அடுத்த கூட்டத்துக்கு முன்னர் தவிசாளரிடமும் உறுப்பினர்களிடமும் கையளிக்க ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பிரதி நூலகத்தின் வரவுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே லைக் போடுவதை விட அங்கே போய் ஒரு கையெழுத்துப் போடுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், அப்படியே வரவுப் புத்தகத்திலும் பெயரை எழுதிவிட்டு வாருங்கள், நாளை அதைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் போடுங்கள், ஐந்து மணிக்கு முன்னர் போங்கள். அதற்குப் பிறகு பூட்டிவிடுவார்கள்.