வினாத்தாள் எதைக் கேட்கிறது?



சென்ற ஆண்டு மம்சாபுரத்தில் நாம் நடத்திய மாலை நேரப் படிப்பு வகுப்பில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குத் தமிழில் முதற்பரிசு அளித்தோம். ஊருக்கு நூலகம் வேண்டி மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் வரையுமாறு வினாத்தாளில் கேட்டிருந்தோம். ஒரு பிழையுமின்றி வரைந்து, பத்துக்குப் பத்து பெற்றிருந்தாள்.

இரு வாரம் கழித்து அவளுடைய தாய் நம்மிடம் வந்தார். "சாமி, பாங்கி பாஸ்புக்கு தொலைஞ்சு போச்சு. மேனேஜருக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க" என்றார். "பரிசு வாங்கிய மகள் வீட்டில் இருக்கிறாளே, அம்மா" என்றோம். "அவளுக்கு நூலகக் கடுதாசிதான் தெரியுமாம், சாமி. பாங்கிக்குச் சொல்லிக் குடுக்கலையாம்" என்றார் அவர்.

சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தது. பிழை சிறுமியுடையது அன்று. நூலகக் கடிதத்தைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்வித்தவர் நாமே. அதையே திருப்பிக் கேட்டவரும் நாமே. தன் தேவையை எழுத்தில் எடுத்துரைக்கும் ஆற்றலையே கற்பிக்க எண்ணினோம். ஆனால் நாம் சோதித்தது நினைவாற்றலை. நோக்கம் ஒரு திசையிலும் வினா வேறொரு திசையிலும் சென்றால், முழு மதிப்பெண்ணுங்கூட நம்மை ஏமாற்றிவிடும்.

அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் 1956-ஆம் ஆண்டில் அறிவுசார் கற்றல் நோக்கங்களை ஆறு படிகளாக வகுத்தனர்: அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல். இதனின்று நாம் கொள்ளத்தக்க எளிய விதி ஒன்று உண்டு. நோக்கத்தில் உள்ள வினைச்சொல்லே வினாவிலும் இருத்தல் வேண்டும். "பரப்பை அளந்து கணக்கிடுதல்" நோக்கமாயின், சூத்திரத்தை எழுதச் சொல்வது போதாது. கையில் அளவு நாடாவைக் கொடுத்துத் தோட்டத்துப் பாத்தியை அளக்கச் சொல்ல வேண்டும். விகிதம் கற்பித்தோமாயின், ஒரு கிலோ பால்கோவாவின் விலையைச் சொல்லி, 350 கிராமுக்கு எவ்வளவு என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர் கேட்பது போலக் கேட்க வேண்டும். மனப்பாடம் இழிந்ததன்று. வாய்பாடு நாவில் நிற்க வேண்டியதே. அங்கே ஒப்பிக்கச் செய்வதே தக்க சோதனை.

நம் மாநிலம் இதை அறியாததன்று. 2012-இல் வந்த முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண் பிரிக்கப்பட்டது. கற்கும்போதே குழந்தையைக் கவனித்துத் திருத்துவது முன்னதன் கருத்து. ஆனால் செயல்திட்ட அட்டையை நாம் கடையில் வாங்கிக் கொடுத்தால், அந்த மதிப்பெண் கடைக்காரருக்கே உரியது அன்றோ? 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், சிறு குழந்தைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்க முற்பட்டது. இங்கே சோதனையின் வேலை, அடுத்து எதைக் கற்பிப்பது என்று ஆசிரியருக்கு வழிகாட்டுவதாகும்.

மேல்நிலைத் தேர்ச்சி விழுக்காட்டில் நம் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் வகித்தது. அது ஆசிரியர் உழைப்புக்குக் கிடைத்த பெருமை. ஆயினும் எத்தனை பேர் தேறினர் என்பதையே விழுக்காடு சொல்லும். தேறியவர் எதைச் செய்ய வல்லவர் என்பதை அறிய, வினாத்தாளைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.

நாம் அந்தத் தேர்வை மறுபடியும் நடத்தினோம். உங்கள் வீட்டுக்கு உண்மையில் தேவையான ஒரு கடிதத்தை எழுதுங்கள் என்றோம். யாருக்கு என்பது தெளிவா, வேண்டுவது முதல் வரிகளிலேயே உண்டா, தேவையான விவரங்கள் உண்டா, மொழி பிழையற்றதா என்னும் நான்கையும் பார்த்தே மதிப்பெண் இடுவோம் என்று முன்னரே அறிவித்தோம். முதற்பரிசு பெற்ற சிறுமிக்கு இம்முறை கிடைத்தது ஆறு. பாஸ்புக்கு தொலைந்ததை எழுதியவள், கணக்கு எண்ணை எழுத மறந்திருந்தாள். குறையைச் சுட்டினோம், திருத்தி எழுதினாள். அந்தத் தாளைத்தான் தாய் வங்கிக்கு எடுத்துச் சென்றார்.

அந்தப் பத்தைவிட இந்த ஆறே மெய்யானது என்போம்.

பெற்றோரே, பிள்ளை தேர்வெழுதி வீடு திரும்பும்போது "எத்தனை மார்க்கு?" என்று கேட்குமுன், வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். "இதைக் கற்றதால் உன்னால் என்ன செய்ய முடியும்?" என்று கேளுங்கள். ஆசிரியப் பணியில் உள்ளோரே, பாடம் தொடங்குமுன் வினாவை எழுதி வையுங்கள். அது உங்கள் நோக்கத்தைக் கேட்கிறதா என்று ஒருமுறை நோக்குங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறோம். ஏட்டில் மட்டும் காய்க்கும்படி அவர்களை வளர்த்தவர் யார் என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக.