பாட்டுக்கும் பட்டா வேண்டும்

பட்டா இல்லாதவர் படும் பாட்டை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்று தலைமுறையாகக் குடியிருந்த மனையாக இருக்கும். பாட்டன் வெட்டிய கிணறும் அப்பன் நட்ட புளியமரமும் அங்கேயே நிற்கும். ஆனால் தாலுகா அலுவலகத்தில் கேட்பது ஒரே கேள்விதான்: "பேர் இருக்கிறதா?" பேர் இல்லையென்றால் மரமும் கிணறும் சாட்சி சொல்லாது. 1892-இல் நம் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போன கதையும் இதுதான். உழைப்பு ஒருவருடையது, ஆவணத்தில் பெயர் இன்னொருவருடையது.

பாட்டுக்கும் இப்படி நடக்கும். அதை இந்தத் தலைமுறைக்குக் கண்முன் காட்டியது அரக்கோணத்துப் பாடலாசிரியர், பாடகர் ஒருவரின் வாழ்க்கை. அறிவரசு கலைநேசன் என்ற முழுப்பெயரைவிடத் 'தெருக்குரல்' அறிவு என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர் பாட்டுக்கு ஆடாத பள்ளி ஆண்டுவிழா இல்லை என்று சொல்லுமளவுக்கு அவர் குரல் பரவியிருக்கிறது. அந்தக் குரல் வந்த வழியையும், அதன் உரிமை குறித்து எழுந்த கேள்வியையும் நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

தெருவிலிருந்து வந்த குரல்

அறிவு பொறியியல் படித்தவர். பாட்டு எழுதுவதும் பாடுவதும் அவருக்குச் சங்கீத சபாவில் கிடைத்த வித்தை அல்ல. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுதான் அவருக்கு மேடை தந்தது. 2018 ஜனவரி 6-ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் அக்குழு முதல்முறையாகப் பாடியது. பறையும் கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் ஒலித்தன. குழுவின் பெயரே பண்டிதர் அயோத்திதாசரிடமிருந்து வந்தது. தம் மக்களைச் 'சாதியற்ற தமிழர்' என்று பதியச் சொன்னவர் அவர். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கிவைத்த கானா, இடஒதுக்கீட்டையும் அம்பேத்கரையும் பற்றிப் பேசும் பாட்டாக அன்று மேடையேறியது.

அதே 2018-இல் வெளிவந்த 'காலா' படத்தில் நில உரிமையைக் கேட்கும் 'உரிமையை மீட்போம்' பாடலை அறிவு எழுதினார். 2019-இல் இசைக்கலைஞர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற தனி இசைத்தொகுப்பை வெளியிட்டார். திருக்குறளை நினைவூட்டும் அந்தப் பெயரே ஒரு பிரகடனம். நூலேறிய குறளுக்கு மதிப்பு உண்டென்றால் தெருவில் எழும் குரலுக்கும் உண்டு என்று அது சொல்லிற்று. அவ்வாண்டு இறுதியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக நாடெங்கும் போராட்டம் நடந்தபோது 'சண்டை செய்வோம்' என்று பாடினார். 2021-இல் வெளிவந்த 'மாஸ்டர்' படத்துக்கு 'வாத்தி ரெய்டு' எழுதிப் பாடினார். சினிமாவுக்கு எழுதினாலும் சுயாதீனப் பாட்டை அவர் விடவில்லை.

2021 மார்ச் 7-ஆம் நாள் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. அறிவும் தீயும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த அந்தப் பாட்டை யூடியூபில் 40 கோடி முறைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். படம் இல்லை, கதாநாயகன் இல்லை, தயாரிப்பாளரின் விளம்பரம் இல்லை. தமிழில் ஒரு தனிப்பாட்டு இவ்வளவு தூரம் போனது அதற்கு முன் நாம் காணாதது.

வள்ளியம்மாளின் வரலாறு

கேட்க இனிப்பான பாட்டு. குழந்தைகளும் துள்ளுகிறார்கள். ஆனால் அந்தத் துள்ளலின் அடியில் ஓர் ஒப்பாரி ஓடுகிறது. தோட்டத்தை உண்டாக்கியவருக்குத் தோட்டம் சொந்தமில்லாமல் போன துயரம் அது. அறிவு இதைத் தன் பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்ட கதைகளிலிருந்து எடுத்ததாகச் சொல்கிறார். வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். பாட்டின் காணொளியிலும் அவர் வருகிறார்.

அவர் ஒருவரின் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் இலங்கை மலைகளில் முதலில் காப்பித் தோட்டங்களையும், காப்பி நோய்கண்டு அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களையும் போட்டார்கள். காடழிக்கவும் கொழுந்து பறிக்கவும் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். போனவர்களில் பெரும்பகுதி நிலமற்ற தலித் மக்களும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரும்தான். பஞ்சமும் பண்ணை அடிமைத்தனமும் துரத்த, கடல் தாண்டினார்கள். முன்பணம் என்ற பெயரில் கடனும் கூடவே போனது. மலையில் லயத்து வீடு, தலையில் கூடை, கணக்கில் கடன். இதுவே வாழ்வாயிற்று.

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தார்கள். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரை இரண்டு அரசுகள் பங்கு போட்டுக்கொண்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. நூறாண்டுக்கு மேல் உழைத்த மலையில் ஒரு சென்ட் நிலமும் பெறாமல் கப்பலேறியவர்கள், தாயகத்தில் 'சிலோன்காரர்' ஆனார்கள். நீலகிரியில் அவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அங்கும் கிடைத்தது கொழுந்து பறிக்கும் கூலி வேலைதான்.

எஞ்சாமி என்ற சொல்லை நம் பாட்டிமார் பேரப்பிள்ளையைக் கொஞ்சும்போது சொல்வார்கள். அதே பாட்டி ஆண்டையின் வாசலில் கைகட்டி நின்றபோதும் 'சாமி' என்றுதான் அழைக்க வேண்டியிருந்தது. அடிமைச் சொல்லாக அவள் வாயில் திணிக்கப்பட்டதை அவளே கொஞ்சும் சொல்லாக மாற்றிப் பேரனுக்குக் கொடுத்தாள். இந்தச் சொல்லைப் பாட்டின் தலையில் வைக்க, அந்த வீட்டில் வளர்ந்த ஒருவருக்குத்தான் தோன்றும்.

பெயர் எங்கே போனது?

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் தன் அட்டையில் தீயையும் ஈழத் தமிழ்க் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலையும் வெளியிட்டது. 'எஞ்சாய் எஞ்சாமி'யின் புகழைப் பேசிய அந்த அட்டையில் அதை எழுதிப் பாடிய அறிவு இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். எதிர்ப்பு வலுத்தபின் அவ்விதழ் அறிவையும் தனியாக அட்டையில் வெளியிட்டது. 2022 ஜூலை 28-இல் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் உலக நாடுகளின் முன்னே அந்தப் பாட்டு ஒலித்தது. தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அங்கே இல்லை.

அதன்பின் அறிவு தன் மனக்குமுறலைப் பொதுவெளியில் எழுதினார். இது கூட்டு உழைப்பு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அது வள்ளியம்மாளின் வரலாறும், நிலமற்ற தம் முன்னோரின் வரலாறும் என்பதை யாரும் மறைத்துவிட முடியாது என்றார். மெட்டிலும் தனக்குள்ள பங்கைச் சொன்னார். சந்தோஷ் நாராயணன் தம் தரப்பை விளக்கினார். அறிவு அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்றும், பாட்டின் வருமானத்தில் மூவருக்கும் சம பங்கு என்றும் சொன்னார். அறிவின் பங்கைத் தாம் எங்கும் மறைத்ததில்லை என்று தீயும் எழுதினார்.

கலைஞர்களுக்குள் யார் பங்கு எவ்வளவு என்று தராசு பிடிப்பது எங்கள் வேலையல்ல. தீயையோ மாரியம்மாளையோ குறை சொல்லவும் இதை எழுதவில்லை. நாங்கள் கேட்பது வேறு. மூன்று பேர் சேர்ந்து செய்த ஒரு பாட்டில், அட்டைக்கும் மேடைக்கும் வரும்போது விடுபடுவது ஏன் சேரியிலிருந்து வந்தவரின் பெயராகவே இருக்கிறது? யாரும் திட்டமிட்டு விட்டிருக்க வேண்டியதில்லை. இந்தச் சமூகத்தில் நம் பெயர் தானாகவே விடுபடும். அதைச் சேர்ப்பதற்குத்தான் யாராவது ஒருவர் எழுந்து நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கதைக்கு 2024 மார்ச்சில் இன்னொரு திருப்பம் வந்தது. பாட்டு வெளிவந்து மூன்றாண்டாகியும் தங்கள் மூவரில் எவருக்கும் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார். அவர் கூற்றின்படி பார்த்தால், பாடியவரும் எழுதியவரும் இசையமைத்தவரும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள். பெயர் பெற்றவர்களின் கதியே இது என்றால், பறையடித்துக் கூலி வாங்கும் நம் ஊர்க் கலைஞரின் கதி என்ன?

சட்டம் என்ன சொல்கிறது?

கிராமத்துக் கலைஞர்களும் மாணவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் உண்டு. காப்புரிமைச் சட்டம் 1957-இன் 57-ஆவது பிரிவு, பாட்டின் உரிமையை எழுதியவர் விற்றுவிட்டாலும், 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை அவரிடமே இருக்கும் என்கிறது. 2012-இல் செய்த திருத்தம் பாடுபவருக்கும் இசைப்பவருக்கும் தம் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் உரிமையைக் கொடுத்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தமக்குள்ள பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றும் அதே திருத்தம் சொல்கிறது. உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டுக்கு என்றுதான் பொருள்.

இவ்வளவு இருந்தும் நடப்பது என்ன? செல்பேசியோடு ஊருக்குள் வருகிறார்கள். ஒப்பாரி பாடும் கிழவியையும் பறையடிக்கும் இளைஞரையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். காணொளியின் கீழே 'கிராமத்துப் பாட்டி வேற லெவல்' என்று எழுதுகிறார்கள். பாட்டிக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, காசும் இல்லை. கேட்டால் 'நாட்டுப்புறப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை' என்கிறார்கள். பாட்டு ஊருக்குச் சொந்தமாக இருக்கலாம். பாடிய தொண்டை ஒருவருடையதுதான். சம்மதம் இல்லாமல் அதைப் பதிவுசெய்து காசாக்குவது பாடியவரின் உரிமையை மீறுவதாகும்.

இது இன்று நேற்று வந்த நோயும் அல்ல. கவிஞர் இன்குலாப் எழுதி, முனைவர் கே.ஏ.குணசேகரன் ஊர் ஊராகப் பாடிப் பரப்பிய 'மனுசங்கடா' பாட்டை இன்றும் ஆர்ப்பாட்டங்களில் பாடுகிறோம். எழுதியவர் பெயரையும் பரப்பியவர் பெயரையும் அங்கே எத்தனை பேர் சொல்கிறோம்? நம் மேடையில் நாமே பெயர் சொல்லாமல் இருந்துகொண்டு, பிறர் மேடையில் சொல்லவில்லை என்று கேட்பதில் வலு இருக்காது.

ஆகவே சில வேண்டுகோள்கள். பள்ளி, கல்லூரி விழாக்களிலும் கோயில் திருவிழாக்களிலும் பறைக்குழுவையும் பாடகரையும் அழைப்பவர்கள், அழைப்பிதழில் 'மேளதாளம்' என்று போடுவதை விட்டு அவர்கள் பெயரையும் ஊரையும் அச்சிட வேண்டும். அரசுக் கலைவிழாக்களை நடத்துவோர் மேடையிலும் விளம்பரத் தட்டியிலும் எழுதியவர், பாடியவர், இசைத்தவர் எல்லாரின் பெயரையும் கட்டாயமாக்க வேண்டும். கலைஞர்கள் படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக்கூடாது. வீட்டில் படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் அதை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

மாணவத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் ஆயா, அம்மாச்சி, அப்பாயி பாடும் நடவுப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றார் என்ற நான்கையும் நோட்டில் எழுதுங்கள். செலவு ஒன்றுமில்லை. நாளை யாராவது அந்த மெட்டை எடுத்துப் பெரிய மேடையில் பாடும்போது, காட்டுவதற்கு உங்கள் கையில் ஓர் ஆவணம் இருக்கும்.

அறிவு 2024-இல் தன் அடுத்த இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. அட்டையிலும் மேடையிலும் விடுபட்ட பெயர்களுக்குப் பதிலாக, பாட்டியின் பெயரையே தொகுப்பின் தலைப்பில் எழுதிவிட்டார். இனி அதை யார் பாடினாலும், எங்கே ஒலித்தாலும், தேயிலை மலையில் கூடை சுமந்த அந்தக் கிழவியின் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். நம் வீட்டுப் பாட்டிமாரின் பெயரை எழுதும் வேலை நமக்குக் காத்திருக்கிறது.